பிண வழியில் போன தடுப்பூசி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் கால்நடை மருத்துவர்களே, உங்களில் பாதிப் பேர் மாட்டைக் கண்டு பயப்படுவதில்லை. மாட்டுக்காரரைக் கண்டுதான் பயப்படுகிறீர்கள். நல்ல பயம்தான், வைத்துக்கொள்ளுங்கள். மாடு உதைத்த வீக்கம் ஒரு வாரத்தில் வடிந்துவிடும். மாட்டுக்காரர் நம்பிக்கை இழந்தால் நீங்கள் மாற்றலாகிப் போகும்வரை அது திரும்பி வராது.

போன வாரம் உங்களில் இரண்டு பேர் திருவானைக்காவலில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். காபி ஆறும்வரை தயங்கிவிட்டு, "சார், நீங்க பண்ணின பெரிய தப்பு எது?" என்று கேட்டீர்கள். ஓய்வு பெற்றவனிடம் சாதனையைக் கேட்டால் சாயங்காலம்வரை பேசுவான் என்று தெரிந்து தப்பைக் கேட்ட உங்கள் சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

சமயபுரம் தாண்டி வடக்கே போனால் நெடுஞ்சாலையிலிருந்து ஒரு சின்னச் சாலை பிரியும். அது ஒரு மலையடியில் போய் முடியும். மலை என்று நான் சொல்வது மரியாதைக்காக. வெயில் ஏறுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டு இறங்கி வந்து இட்லி சாப்பிடலாம், அவ்வளவுதான் உயரம். ஆனால் அதைச் சுற்றியுள்ள ஐந்து ஊர்க்காரர்களிடம் அதைக் குன்று என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்குக் குடிக்கத் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். ஐந்து ஊருக்கும் மேய்ச்சல் அந்த மலைதான். கோடையில் ஏரி வற்றினாலும் மலைச் சரிவில் ஏதாவது பச்சை இருக்கும்.

சாலை மலையடியில் இரண்டாகப் பிரிந்து மலையைச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒன்று சேரும். பிரிவில் இடப்பக்கம் திரும்பினால் முதல் ஊர் முனைப்பட்டி. வலப்பக்கம் திரும்பினால் நல்லாண்டிபட்டி. மற்ற மூன்று ஊர்களும் மலைக்குப் பின்னால். இதில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியம் எதுவானாலும் மலையை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் போகவேண்டும். அதாவது பிரிவில் முனைப்பட்டிப் பக்கம் திரும்ப வேண்டும். மலையை இடக்கைப் பக்கம் வைத்து ஊருக்குள் போவது பிணத்துக்கு மட்டும். வெளியூரில் யாராவது இறந்து வண்டியில் உடம்பைக் கொண்டுவந்தால் அந்த வழியாகக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிண வழி என்றே பெயர்.

நல்லாண்டிபட்டிக்காரர் ஒருவர் திருச்சியில் புது டிராக்டர் வாங்கினார். பிரிவிலிருந்து அவர் வீடு கூப்பிடு தூரம். ஆனாலும் மாலை போட்ட டிராக்டரை மலையை முழுக்கச் சுற்றிக் கொண்டுபோய்த்தான் வீட்டு வாசலில் நிறுத்தினார். கேஸ் சிலிண்டர் வண்டிக்காரர்கூட அப்படித்தான் போவார். டீசல் அதிகமாகுமே என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "அந்தப் பக்கமா போனா ஒரு வீட்லயும் சிலிண்டர் இறக்க விடமாட்டாங்க சார்" என்றார்.

என் தப்பு நான் அங்கே வேலைக்குப் போன முதல் வருடம் நடந்தது. கோமாரித் தடுப்பூசிச் சுற்றுக்குத் தேதி குறித்திருந்தோம், ஒரு நாளைக்கு ஓர் ஊர். கிளம்புகிற அன்று காலை முனைப்பட்டியிலிருந்து ஆள் வந்தது. ஒரு மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது, காலைத் தரையில் ஊன்றமாட்டேன் என்கிறது. எனக்கு இளரத்தம். நோய் இருக்கிற இடத்துக்குத்தான் டாக்டர் முதலில் ஓடவேண்டும் என்று பாய்ந்தேன். வாயைத் திறந்து பார்த்தேன், நாக்கைத் தொட்டுப் பார்த்தேன், மருந்து கொடுத்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவினேன், அதில் எனக்குப் பெருமை வேறு. அதே பூட்ஸ், அதே கயிறு, அதே ஜீப். மறுநாள் அடுத்த ஊர், அதற்கு மறுநாள் அதற்கடுத்த ஊர் என்று வலமாகவே போய் ஐந்து ஊரையும் முடித்தேன்.

போட்ட ஊசி உடம்பில் வேலை செய்யத் தொடங்குமுன்பே நோய் தொடங்கிவிட்டது. ஐந்து ஊரிலும் மாடுகள் வாயில் நுரை தள்ளின. பெரிய மாடுகள் பெரும்பாலும் தேறிவிட்டன. கன்றுகள் பல போய்விட்டன. எங்கள் மருந்தகத்தில் ஓர் உதவியாளர் இருந்தார். எனக்கு முன்னால் ஏழெட்டு டாக்டர்களை மேய்த்தவர். வாய் கொஞ்சம் துடுக்கு. எந்த ஊரில் எந்த நாள் நோய் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி, அதை என் மேஜையில் கிடந்த டூர் டைரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நோய் உங்க டூர் டைரியைப் பார்த்துத்தான் சார் வந்திருக்கு" என்றார்.

வரிசை அப்படியே ஒத்துப்போனது. என் பூட்ஸில் ஏறிக்கொண்டு நோய் ஊர் ஊராக இறங்கியிருக்கிறது. ஊர்க்காரர்கள் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. கன்று செத்த வீட்டில் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அதை என்னால் குடிக்க முடியவில்லை. நானும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. கொஞ்ச நாளில் மாற்றல் வந்தது, தப்பித்தேன் என்று போனேன்.

நல்ல இடத்திலிருந்து கெட்ட இடத்துக்குப் போ, கெட்ட இடத்திலிருந்து நல்ல இடத்துக்குப் போகாதே என்று கல்லூரியிலேயே படித்திருந்தேன். நீங்களும் படித்திருப்பீர்கள், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். ஒருவர் அழுதுகொண்டு எதிரே நிற்கும்போது அது நினைவுக்கு வருமா என்பதுதான் கேள்வி.

பத்து வருடம் கழித்து அதே மருந்தகத்துக்கு மறுபடி போட்டார்கள். அதே உதவியாளர், தலை மட்டும் நரைத்திருந்தது. "டூர் டைரி புதுசு வாங்கிட்டீங்களா சார்?" என்றுதான் வரவேற்றார்.

போய் இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம் முனைப்பட்டியிலிருந்து போன். ராசாத்தி என்று ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும். கணவர் திருச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர், வாரம் ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். வீட்டையும் மாட்டையும் பார்ப்பது ராசாத்திதான். அவர் வீட்டுப் பசுவுக்கு மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. நான்காவது முறை நான் போட்டது நின்றது. கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. கன்று பிறந்த அன்று எனக்குச் சீம்பால் கொடுத்தனுப்பினார். அந்தப் பசு இப்போது வாயில் எச்சில் ஒழுக நிற்கிறது என்றார். தெருவில் சந்தையிலிருந்து புதிதாக வந்த மாட்டுக்கும் அப்படியே இருக்கிறதாம்.

தடுப்பூசி மருந்து ஐஸ் பெட்டியில் தயாராக இருந்தது. மற்ற நான்கு ஊருக்கும் மறுநாள் ஒரே நாளில் போட்டுவிடுவது, முனைப்பட்டிக்குக் கடைசியாகப் போவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். முனைப்பட்டித் தெரு வழியாகப் போனால் மாட்டுச் சாணியிலும் எச்சிலிலும் சக்கரம் உருண்டுதான் அடுத்த ஊருக்குப் போகும். ஆகவே பிரிவில் வலப்பக்கம் திரும்பி நல்லாண்டிபட்டியில் தொடங்க வேண்டும். உதவியாளர் என்னைப் பார்த்தார்.

"அது பிண வழி சார்."

"தெரியும்" என்றேன். தெரிந்த மாதிரிதான் பேசினேன்.

காலையில் பிரிவில் ராசாத்தி சாலைக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஜீப்பைத் தூரத்திலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினேன். அவர் ஓடிவந்தார். கையைக் காட்டி அங்கேயே நிற்கச் சொன்னேன்.

"சார், பசுவுக்குப் பரவால்ல, தண்ணி குடிக்குது. கன்னுதான் விடியறப்பலேர்ந்து எழுந்திரிக்கல. மூச்சு வாங்குது. அஞ்சு நிமிஷம் வந்து பாத்துட்டுப் போங்க சார்."

"வரேம்மா. ஆனா கடைசியாத்தான் வருவேன். இப்ப வந்தா உங்க ஊரு நோயை நானே நாலு ஊருக்கும் கொண்டுபோயிடுவேன்."

"நீங்க போட்ட சினை சார் அது."

அவர் வீடு அங்கிருந்து தெரிகிறது, கூரையில் காயும் சேலைகூடத் தெரிகிறது. கால் தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது. எந்தப் புத்தகமும் அந்த நேரத்தில் உதவாது. எனக்கு உதவியது அந்த முதல் வருடம் குடிக்காமல் வைத்த மோர்தான்.

மருந்தும் வாய் கழுவும் பொடியும் சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். கன்றைத் தாயிடம் ஊட்டவிடாமல் பிரித்துக் கட்டச் சொன்னேன். இளம் கன்றுக்கு இந்த நோய் இதயத்தைப் பிடித்துவிட்டால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். "இன்னொண்ணும்மா. ஊர்ல ஒரு மாடும் மலைக்குப் போகக் கூடாது. நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்லணும்."

அவர் கல்லின் மேலிருந்ததை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். நாங்கள் வலப்பக்கம் திரும்பினோம்.

நல்லாண்டிபட்டியில் முந்தின நாளே சொல்லியிருந்ததால் மாடுகளை வரிசையாகக் கட்டி வைத்திருந்தார்கள். ஜீப் மலையை இடப்பக்கம் வைத்து வருவதைப் பார்த்ததும் அவிழ்க்க ஆரம்பித்தார்கள். நான் இறங்குவதற்குள் பாதி மாடு கொட்டகைக்குப் போய்விட்டது. பால் சொசைட்டிச் செயலாளர் மாரிமுத்து எதிரே வந்தார். ராசாத்தியின் உடன்பிறந்த அண்ணன்தான். நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் பிடிதான்.

"என்ன சார் இது? ஊசி போடுறது நல்ல காரியம். அதைப் போயி பொண வழியில கொண்டாறீங்க?"

விளக்கினேன். கேட்டுக்கொண்டார்கள், தலையாட்டினார்கள், மாட்டை மட்டும் கொண்டுவரவில்லை. "நீங்க சொல்றது சரிதான் சார். திரும்பிப் போயி அந்தப் பக்கமா வாங்க, போட்டுக்கறோம்" என்றார் ஒருவர். மறுபடி விளக்கினேன். இப்படியே ஒரு மணி நேரம் போனது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டியில் ஐஸ் உருகினால் அத்தனை மருந்தும் வெறும் தண்ணீர், இன்னும் மூன்று ஊர் வேறு இருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "இந்தக் காலத்துலயும் இந்த மூடநம்பிக்கையா? மாடு செத்தா உங்க மலையா வந்து காப்பாத்தும்?" என்று கத்திவிட்டேன்.

மிச்சமிருந்த மாடுகளும் உள்ளே போய்விட்டன. உதவியாளர் என் காதோரம் வந்தார். "பெட்டியில ஐஸ் இருக்கு சார். நீங்கதான் உருகிட்டீங்க" என்றார்.

அவர் சொன்னதும் சுரீர் என்று பட்டது. நான் அவர்களிடம் வழியை மட்டும் மாற்றச் சொல்கிறேன், ஏன் என்பதில் பாதியைப் பன்னிரண்டு வருடமாக மறைத்து வைத்திருக்கிறேன். பாதி உண்மையை வைத்துக்கொண்டு முழு நம்பிக்கை கேட்டால் யார் தருவார்கள்?

"ஒரு நிமிஷம் கேளுங்க" என்றேன். "பன்னெண்டு வருஷம் முன்னாடி இங்க கோமாரி வந்து கன்னெல்லாம் போச்சே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு நான் வலமாத்தான் வந்தேன். முனைப்பட்டியில நோய் மாட்டைத் தொட்டுட்டு, அதே பூட்ஸோட உங்க ஊருக்கு வந்தேன். நோயைக் கொண்டுவந்தது நான்தான்."

மாரிமுத்துவின் முகம் மாறியது. "என் வீட்ல ரெண்டு கன்னு போச்சு சார்" என்றார் மெதுவாக. "நீங்க வந்து உக்காந்தீங்க. எங்கம்மா மோர் குடுத்துச்சு."

"ஆமா. குடிக்கல."

அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் இருந்தது. அந்த நேரத்தில்தான் மாரிமுத்துவின் செல்போன் அடித்தது. தங்கச்சி என்றார். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று ஸ்பீக்கரில் போட்டார். ராசாத்தியின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, டாக்டரை மறிச்சு வச்சிருக்கீங்களாமே? விடுங்க அவரை. எங்க ஊருக்குக் கடைசியா வரட்டும்."

"அந்தப் பக்கமா வந்திருக்காரும்மா. எப்படி ஒத்துக்கறது?"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அவரு என்ன கல்யாணப் பொண்ணையா கூட்டிட்டு வராரு? நோயைத் தூக்கிப் போடத்தானே போறாரு. செத்ததைத் தூக்கிட்டுப் போற வழியிலதான் அதையும் தூக்கணும். போடச் சொல்லுண்ணே."

இவ்வளவு எளிதான ஒரு வாசலை என் ஒரு மணி நேர விளக்கத்தில் நான் தேடவே இல்லை. அவர்கள் வழக்கத்தை இடித்துக்கொண்டு போகப் பார்த்தேன். ராசாத்தி அந்த வழக்கத்துக்குள்ளேயே எனக்கு இடம் பண்ணிக் கொடுத்தார். மாரிமுத்து போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தன் சினைப் பசுவைத்தான் முதலில் அவிழ்த்து வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊசி போட்டேன்.

அடுத்த மூன்று ஊரிலும் தகவல் எங்களுக்கு முன்னால் போயிருந்தது. நோயைத் தூக்கிப் போகிற வண்டி என்று வழிவிட்டார்கள். ஒரு கிழவர் ஜீப்புக்கு முன்னால் கொஞ்சம் பொரிகூட இறைத்தார், உதவியாளருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கடைசி மாட்டுக்கு ஊசி போடும்போது பெட்டியில் ஐஸ் துண்டு துண்டாக மிதந்துகொண்டிருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் முனைப்பட்டிக்குள் நுழைந்தோம். ஊரில் எல்லா மாடும் கட்டுத்தறியில் இருந்தது. வீடு வீடாகப் போய் ராசாத்தி சொல்லியிருக்கிறார். ஒருவர் மலைக்கு ஓட்டப் பார்த்தபோது வழியில் நின்று சண்டையே போட்டிருக்கிறார்.

அவர் வீட்டுப் பசு எழுந்து நின்று வைக்கோலை முகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் சாக்கு போர்த்திக் கிடந்தது கன்று. சாக்குக்கு வெளியே நெற்றி வெள்ளை மட்டும் தெரிந்தது.

"எப்பம்மா?" என்றேன்.

"காலையிலயே சார். பிரிவுல உங்ககிட்டப் பேசிட்டு நான் வீட்டுக்கு வர்றப்பவே முடிஞ்சிடுச்சு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "அப்ப, அண்ணனுக்குப் போன் பண்ணினது?"

"இது பக்கத்துல உக்காந்துதான் பண்ணினேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீங்க வண்டியைத் திருப்பிட்டு வந்திருப்பீங்க சார். உங்களைத் தெரியாதா எனக்கு?"

உண்மைதான். திருப்பியிருப்பேன். இத்தனை தெரிந்தும், இத்தனை உறுதியாக இருந்தும், அந்தச் செய்தி கேட்டிருந்தால் நான்கு ஊரையும் விட்டுவிட்டு அந்தக் கொட்டகைக்கு ஓடிவந்திருப்பேன். நான் அன்றைக்குச் சரியாக நடந்துகொண்டேன் என்று இலாகாவில் பாராட்டினார்கள். அந்தச் சரியில் பாதி என்னுடையது இல்லை என்பது எனக்கும் உதவியாளருக்கும் ராசாத்திக்கும் தெரியும். அடுத்து வந்த வாரங்களில் மலைக்குப் பின்னால் ஒரு மாட்டுக்கும் வாய் ஒழுகவில்லை. முனைப்பட்டியிலும் நோய் அந்தத் தெருவோடு நின்றது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஊசியும் மருந்தும் உங்கள் கையில். அதை மாட்டிடம் கொண்டுபோகிற வழி ஊர்க்காரர் கையில். வழி கேட்கும்போது உங்கள் தப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள், கோபத்தை ஜீப்பிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள். அழுகிறவரிடம் 'கடைசியாக வருகிறேன்' என்று சொல்ல நேர்ந்தால் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், சொன்னபடி கடைசியாகவாவது போய்ச் சேருங்கள்.

அன்று இருட்டுவதற்குள் கன்றைப் புதைத்தோம். கொல்லையில் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு, நானும் உதவியாளரும்தான் இறக்கினோம். மண் தள்ளி முடித்து நிமிர்ந்தபோது ராசாத்தி ஒரு குடம் வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து வைத்தார். முதலில் என் பூட்ஸ் மேல் ஊற்றினார். பிறகு கையை நீட்டச் சொல்லி மொண்டு மொண்டு ஊற்றினார். அழுது வீங்கிய முகம், குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க சார். நாளைக்கு வேற ஊருக்குப் போவீங்க."

முழங்கைவரை தேய்த்துக் கழுவினேன்.